தண்ணீருக்குள் கிடந்த கல்

கடலை அவியவில்லை என்பதற்காக ஒரு குடும்பம் பிரியுமா என்று யாராவது கேட்டால், அவர்களுக்குக் குடும்பமும் தெரியாது, கடலையும் தெரியாது என்றுதான் சொல்வேன். எங்கள் வீட்டில் அது நடக்கப் பார்த்தது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், தன்னுடைய தகர றங்குப்பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்துவிட்டார். அந்தப் பெட்டி திரும்ப உள்ளே போனதற்குப் பெரியவர்கள் யாரும் கூடிப் பேசியது காரணமில்லை. பிழிந்து எறிய வைத்திருந்த ஒரு தேசிக்காய்ப் பாதிதான் காரணம்; எலுமிச்சம்பழம் என்றும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நான் கப்பலும் கண்டேன், ஆகாயக் கப்பலும் கண்டேன். ஒன்றும் அந்தத் தேசிக்காய்க்குக் கிட்ட வரவில்லை.

அது இரண்டாம் உலகச் சண்டைக்குச் சில வருடங்கள் முந்திய காலம். அரியாலையில், கடல்நீரேரிக்குக் கிட்ட எங்கள் வீடும் வளவும். ஐயாவும் சித்தப்பாவும் ஒரே வளவை இரண்டாகப் பங்கிட்டு, நடுவே பனையோலை வேலி அடைத்துக்கொண்டு அருகருகே இருந்தார்கள். பாட்டன் காலத்துக் கிணறு, மண்ணோடு நின்ற ஆழமில்லாத கிணறு, சித்தப்பாவின் பக்கம் விழுந்தது. ஆனால் அந்தக் கிணற்றில் எங்களுக்கும் பங்கு. வேலியில் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. அம்மா அந்தப் பொட்டுக்குள்ளால் குடத்தோடு போய், சின்னம்மாவோடு ஊர்க்கதை எல்லாம் கதைத்து முடித்து, தண்ணீரோடு திரும்பி வருவார். தண்ணீர் அள்ள எடுக்கிற நேரத்தைவிடக் கதைக்க எடுக்கிற நேரம் எப்போதும் அதிகம்.

ஒரு வருடம் வேலி அடைக்கும்போது ஒரு கதியால், வேலியைத் தாங்க நடுகிற பச்சைத் தடி, எங்கள் பக்கம் சற்றுத் தள்ளி நட்டுப்போனது. யார் நட்டது, வேண்டுமென்று நட்டதா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஐயா ஒன்று சொன்னார், சித்தப்பா இரண்டு சொன்னார். பிறகு இருவரும் எண்ணாமலே சொன்னார்கள். கடைசியில் ஐயா, "உவன்ரை கிணத்திலை இனி ஒரு சொட்டுத் தண்ணியும் எங்களுக்கு வேண்டாம். நான் வெட்டுறன் கிணறு. உவன்ரையிலும் பாக்க ஆழமா வெட்டுறன்" என்றார். புதுக் கிணற்றில் தண்ணீர் அள்ளும்வரைதான் அம்மாவை அங்கே போகவிட்டார்; அள்ளிய அன்றைக்கே வேலிப் பொட்டைக் கிளுவைத் தடி வைத்து அடைத்தார். அம்மாவும் சின்னம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காலமும் அதுவல்ல.

சொன்னபடியே ஆழமாக வெட்டினார். மேலே மண், அதற்குக் கீழே முழுக்கக் கல். அலவாங்கு போட்டு உடைத்து உடைத்து வெள்ளைக் கல்லை வெளியே தூக்கிக் குவித்தார்கள். ஆடி முடிகிற நேரத்தில் தண்ணீர் கண்டது. எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கிற கல்லின் வெடிப்புக்கூடத் தெரிகிற அவ்வளவு தெளிவு. ஐயா வந்தவர் போனவரை எல்லாம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வேலிக்கு அங்காலும் கேட்கட்டும் என்று சத்தமாகவே காட்டினார்.

ஆவணியில் அண்ணைக்குக் கலியாணம். பெண் அளவெட்டி, தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போன ஊர். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்ணுடைய சீதன வீட்டுக்குப் போகவேண்டும். அந்த வீடு கட்டி முடியாததால், கூரை போடும்வரை இருவரும் எங்களோடு இருப்பது என்று ஏற்பாடு. மச்சாள் வந்த அன்றைக்கு ஐயா நல்ல நேரம் பார்த்து, புதுக் கிணற்றில் முதல் தண்ணீரை மருமகளைக் கொண்டு அள்ளுவித்தார். மஞ்சள் பூசிய குடம், மாவிலை, வெற்றிலை எல்லாம் வைத்து, வீட்டுக்கு இலட்சுமி வந்திருக்கிறாள் என்று பெருமையாகச் செய்த காரியம் அது. அடுத்த நாள் அம்மா அகப்பையை மச்சாளின் கையில் கொடுத்துவிட்டு, "எனக்கு இனிக் காணும் பிள்ளை, நீ பார்" என்று குசினிக்கு வெளியே வந்து உட்கார்ந்தார்.

இந்த இரண்டும் ஒரே கிழமைக்குள், ஒரு நாள் வித்தியாசத்தில் நடந்தன என்பதை அந்த நேரம் ஒருவரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

மச்சாள் வைத்த பருப்பு கரையவில்லை. பயறு மலரவில்லை. கடலை என்றால் கேட்கவே வேண்டாம். முதல் நாள் ஊறப்போட்டு, காலையிலிருந்து மத்தியானம்வரை அடுப்பில் வைத்தாலும் பல்லுக்கடியில் கடக்கென்று நிற்கும். முதலில் பகிடியாகத்தான் தொடங்கியது. "அளவெட்டியார் கோயில்லை மேளச் சமா கேட்டுக் கொண்டிருந்தா அடுப்பை ஆர் பாக்கிறது?" என்று ஐயா சொல்ல எல்லாரும் சிரித்தோம், மச்சாளும் சிரித்தார். பிறகு பகிடி குறைந்து கதை கூடியது. அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம், "நல்ல பிள்ளை, குணத்திலை ஒரு குறையுமில்லை. கைதான் ராசியில்லை" என்று சொன்னதை மச்சாள் குசினிக்குள் நின்று கேட்டுவிட்டார். அன்றைக்கு மச்சாள் சாப்பிடவில்லை. வயிற்றுக்குள் குத்து என்றார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பெண்கள் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்து முடித்துவிட்டு, ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை வீட்டில் இருந்தேன். வாய் கொஞ்சம் நீளம். மச்சாளுக்கும் என் வயதுதான்; அவரும் என்னை மச்சாள் என்றே கூப்பிடுவார். நான் கோபித்தால் கத்துவேன். அவர் கோபித்தால் பேசாமல் பாத்திரம் தேய்ப்பார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

மார்கழியில் பிள்ளையார் பெருங்கதை விரதம். அந்த நாட்களில் ஒருநாள் கோயிலில் எங்கள் வீட்டு உபயம். அன்றைய படையல் எங்கள் பொறுப்பு. எங்கள் சின்னக் கோயிலுக்கு மோதகமும் அவித்த கடலையும் உபயகாரர் வீட்டிலிருந்துதான் போகும். கார்த்திகை பிறந்ததும் அம்மா தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். "பிள்ளை, உபயத்தன்று நீ குசினிக்குள்ளை வராதை. ஊர் முழுக்க வந்து நிக்கும். சாமிக்கு முன்னாலை கல்லுக் கடலை வைக்க ஏலாது."

அம்மா அதைக் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. அதுதான் மோசம். கெட்ட மனத்தோடு சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். மச்சாள் "ஓம் மாமி" என்றார். பின்னேரம் என்னிடம், "சாமிக்கு ஆகாத கை இந்த வீட்டிலை எதுக்கு மச்சாள்? உபயம் முடிய நான் அளவெட்டிக்குப் போறன். அவர் வந்தா வரட்டும், வராட்டி இருக்கட்டும்" என்றார். அண்ணை பின்னால் போவார் என்பது எனக்குத் தெரியும். போனால் ஐயா அந்தப் பொட்டை அடைத்தமாதிரி வாசல் படலையையும் அடைத்துவிடுவார் என்பதும் தெரியும். ஒரு தம்பியைக் கதியாலுக்காக விட்டவர், மகனைக் கடலைக்காக விடமாட்டாரா?

அந்தக் கிழமை பெருமழை. கிணற்றடிக்குப் போகமுடியாமல் வெள்ளம் நின்றது. ஓட்டுக் கூரைப் பீலிக்குக் கீழே வைத்திருந்த பெரிய சாடி நிரம்பி வழிந்ததால், மச்சாள் அந்தத் தண்ணீரையே எடுத்துப் பருப்புப் போட்டார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பருப்பு வெண்ணெய்யாய்க் கரைந்து கிடக்கிறது. ஐயா இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார். அம்மா, "இண்டைக்குத்தான் பிள்ளைக்குக் கை வந்திருக்கு" என்றார். மழை விட்டது, வெள்ளம் வடிந்தது, அடுத்த பருப்பு பழையபடி மணல் மணலாக நின்றது. வந்த கை அளவெட்டிக்குப் போய்விட்டதாக்கும் என்று ஐயா சொன்னார்.

எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கை ராசியில்லை என்றால் எல்லா நாளும் இல்லாமல் இருக்கவேண்டும். ஒருநாள் வந்து ஒருநாள் போவதற்கு அதென்ன தடிமன் காய்ச்சலா? அந்த ஒருநாளில் எது வேறாக இருந்தது?

பள்ளிக்கூடத்தில் பயற்றைக் கோப்பைகளில் முளைக்கப் போட்டுப் பார்த்திருக்கிறோம். ஒன்றை வெயிலில் வைத்தோம், ஒன்றை இருட்டில் வைத்தோம், மற்றதெல்லாம் ஒரேமாதிரி. ஒன்றை மட்டும் மாற்று, மிச்சத்தைத் தொடாதே என்பதுதான் பாடம். அது பரீட்சையில் எழுதுவதற்கு உள்ள சங்கதி என்றே அதுவரை நினைத்திருந்தேன். குசினிக்குள் அதற்கு வேலை இருக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மழைநாளில் விறகு ஈரம், நெருப்பு மந்தம். ஆகவே மெல்லிய நெருப்புத்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். மச்சாளை இருத்தி ஈர விறகில் கடலை அவிக்கப் பண்ணினேன். குசினி முழுக்கப் புகை, எங்கள் இருவர் கண்ணும் கோவைப்பழம், கடலை கல். அடுத்தது பானை. அன்றைக்குப் பித்தளைப் பானை அல்ல, மண்பானை என்று ஞாபகம் வந்தது. மண்பானையில் அவித்துப் பார்த்தோம். அதுவும் கல். "மச்சாள், நீர் படிச்சது காணும். எனக்கு அவமானம் காணும். விடும்" என்று மச்சாள் கும்பிட்டார்.

தண்ணீரைக் கடைசியாகத்தான் நினைத்தேன். நினைக்க மனம் துணியவில்லை என்பதே உண்மை. அடிவரை தெரிகிற அந்தத் தண்ணீரில் என்ன குறை இருக்கமுடியும்? அதோடு அது ஐயாவின் தண்ணீர். ஆனாலும் இனி மாற்றிப் பார்க்க வேறொன்றும் மிச்சமில்லை. சாடியில் கிடந்த மழைத்தண்ணீரில் ஒரு பிடி கடலை ஊறப்போட்டு, அதே தண்ணீரில், அதே பானையில், அதே விறகில், அதே மச்சாள் அவித்தார்.

மத்தியானத்துக்கு முன்பே கடலை மலர்ந்துவிட்டது. மச்சாள் ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நசித்தார். மாவாகிப் போனது. இன்னொன்றை எடுத்து நசித்தார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மனுசி தன்னுடைய கையைத் தான் முதல்முதல் காண்பதுபோல் பார்த்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். 

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து அப்பச்சோடா போட்டிருப்பியள். சாமிக்குச் சோடாக் கடலையோ?"

"அப்ப நீங்களே அவியுங்கோ."

"நான் அவிச்சா எந்தத் தண்ணியிலும் அவியும்."

"பாப்பம்" என்றேன்.

அம்மா சவாலை விடுகிற ஆளில்லை. அடுத்த நாளுக்கு நாலு சட்டி வைத்தோம். ஒரே சாக்குக் கடலை, சட்டிக்கு ஒரு சுண்டு. அம்மாவுக்கு இரண்டு சட்டி, மச்சாளுக்கு இரண்டு சட்டி. ஒவ்வொருவருக்கும் ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் மழைத் தண்ணீர். ஒரு அடுப்பு மற்றதைவிடக் கூட எரியும் என்று அம்மா நியாயம் கேட்டதால், சட்டிகளை இடைக்கிடை அடுப்பு மாற்றி மாற்றி வைத்தேன். அந்த நியாயம் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்குத் தோன்றியது.

இறக்கியதும் சட்டிக்கு நாலு கடலையாக எடுத்து நாலு பூவரசம் இலையில் வைத்தேன். எந்த இலை எந்தச் சட்டி என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவைக் கூப்பிட்டு, "எது ஆரின்ரை கை எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அம்மா முதல் இலையில் ஒன்றை எடுத்து நசித்தார். மாவு. முகம் மலர்ந்தது. "இது என்ரை" என்றார். இரண்டாவது கல்லாய் நின்றது. மச்சாள் பக்கம் பாராமல், "இது அவளின்ரை" என்றார் மெதுவாக. மூன்றாவதும் மாவு, அதுவும் தன்னுடையது என்றார். நாலாவது கல், அதுவும் மச்சாளுடையது.

"முதலாவது மச்சாள் அவிச்சது அம்மா. ரெண்டாவது நீங்கள் அவிச்சது" என்றேன்.

அம்மா நம்பவில்லை. அடுப்படிக்குப் போய்த் தன் கையால் இறக்கிய கிணற்றுத் தண்ணீர்ச் சட்டியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். ஒவ்வொன்றாக நசித்துப் பார்த்தார். ஒன்றும் நசியவில்லை. அந்தக் கடலைப் பிடியோடு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவை அப்படி நான் கண்டதில்லை. வெற்றி பெற்றவளாக நிற்கவேண்டிய நான் பக்கத்தில் குந்தி, சிந்திய கடலையைப் பொறுக்கினேன்.

அத்தோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை. சத்தம் கேட்டு ஐயா குசினி வாசலுக்கு வந்தார். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். பிழை கையில் இல்லை, கிணற்றில் என்று சொன்னேன். அந்தச் சொல்லை நான் கொஞ்சம் பார்த்துச் சொல்லியிருக்கலாம். ஐயாவின் முகம் கறுத்தது. வேலிக்கு அங்கால் இருக்கிற தம்பியின் காதில் இது விழுந்தால் என்னவாகும் என்பதுதான் அவருக்கு முதலில் வந்திருக்கும். கிணற்றடிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்தக் கிணத்திலை முதல் தண்ணி அள்ளினது ஆர்?"

 நாலு சட்டி வைத்து நான் கழுவிவிட்ட கையை ஐயா ஒரு கேள்வியால் திரும்ப அழுக்காக்கிவிட்டார். கடலை கெட்டது கையாலல்ல, கிணறு கெட்டதே அந்தக் கையால் என்று ஆகிவிட்டது. மச்சாள் எழுந்து உள்ளே போனார். றங்குப்பெட்டி சீமெந்தில் உரசுகிற சத்தம் கேட்டது. உபயம் முடியும்வரைகூட இனி இருக்கமாட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் எதையாவது உடைக்கவேண்டும் போலிருந்தது. வெளிக் கல்லடுப்பில் முகம் கழுவவென்று கிணற்றுத் தண்ணீர் ஒரு சட்டி கொதிக்க வைத்திருந்தேன். சண்டையில் அதை மறந்தே போனேன். போய்ப் பார்த்தால் தண்ணீர் முழுக்க வற்றி, சட்டியின் அடியில் வெள்ளையாக ஒரு படை. சுண்ணாம்பு பூசியதுபோல் ஒட்டிக்கிடந்தது. சட்டியை இறக்கி ஆறவிட்டு, பாத்திரம் தேய்க்க வைத்திருந்த பிழிந்த தேசிக்காய்ப் பாதி ஒன்றை எடுத்து, ஐயாமேல் இருந்த கோபமெல்லாம் சேர்த்து அந்தப் படையில் தேய்த்தேன்.

உஸ் என்றது.

கையை எடுத்துவிட்டேன். தேசிக்காய்ப் புளி பட்ட இடமெல்லாம் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. சிறு சிறு குமிழ்கள் வந்து வந்து உடைந்தன. சட்டி ஆறிப்போயிருந்தது, நெருப்பும் இல்லை. ஆனாலும் அது கொதித்தது. இன்னும் கொஞ்சம் பிழிந்தேன். இன்னும் கொதித்தது. பயமா சந்தோஷமா என்று தெரியாமல் அதற்குமேல் குனிந்துகொண்டு இருந்தேன். கண்ணாடிபோல இருந்த தண்ணீருக்குள் இது எங்கே இருந்தது? நாங்கள் இதைத்தானா ஒவ்வொரு நாளும் குடித்தோம்?

தலையை நிமிர்த்தினேன். எனக்கு நேர் எதிரே, கிணற்றடியில், வெட்டும்போது வெளியே எடுத்துக் குவித்த கல்.

எழுந்து போனதுகூட ஞாபகமில்லை. ஒரு கல்லை இன்னொன்றில் போட்டு உடைத்து, உடைந்த வெள்ளை முகத்தில் மிச்சத் தேசிக்காயைப் பிழிந்தேன். அதுவும் உஸ் என்றது. அதே குமிழ், அதே நுரை. கிணற்றிலிருந்து எடுத்து வெளியே எறிந்துவிட்டோம் என்று நினைத்த கல், வாளி வாளியாக எங்கள் குசினிக்குள் வந்துகொண்டே இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, குடத்தில் ஏறி, கடலைக்குள் போய் இறுகியிருக்கிறது.  எங்கள் வளவுக்குக் கீழே, சித்தப்பாவின் வளவுக்குக் கீழே, வேலிக்குக் கீழே, முழுக்க இந்தக் கல்தான் கிடக்கிறது, மழை அதைத் தின்றுகொண்டே இருக்கிறது என்று நினைத்தபோது, நிற்கிற நிலத்தில் காலை மெதுவாக வைக்கவேண்டும் போலிருந்தது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அப்படி வந்ததில்லை.

பிறகுதான் கத்தினேன். அம்மா வந்தார், ஐயா வந்தார். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மச்சாளைக் கையில் பிடித்து இழுத்து வந்தேன். புதுத் தேசிக்காய் ஒன்றை வெட்டி, சட்டியில் ஒரு துளி, கல்லில் ஒரு துளி விட்டேன். மழைத்தண்ணீரை வற்றவைத்தால் ஒன்றும் மிஞ்சாது, வேண்டுமானால் இப்போதே வற்றவைத்துக் காட்டுகிறேன் என்றேன்.

"ஐயா, இந்தக் கல்லை வெட்டி எடுத்தது எப்ப?"

ஐயா வாய் திறக்க முன் நானே சொன்னேன்.

"ஆடியிலை. மச்சாள் இந்த வளவுக்குள்ளை கால் வைச்சது ஆவணியிலை. அவ அள்ள முன்னமே இது தண்ணிக்குள்ளை கிடந்தது. அவ பிறக்க முன்னமும் கிடந்தது. நீங்களும் நானும் பிறக்க முன்னமும் கிடந்தது."

ஐயா அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். நுரை அடங்கி, ஈரம் மட்டும் மிஞ்சியது. திரும்பி வீட்டுக்குள் போனார். என்மேல் கோபமா, கல்மேல் கோபமா என்று தெரியவில்லை. மச்சாள் அசையாமல் நின்றார். பெட்டி கட்டிய கயிற்றின் மிச்சம் கையிலேயே இருந்தது.

அம்மா என்னையும் பார்க்கவில்லை, மச்சாளையும் பார்க்கவில்லை. மெதுவாகச் சொன்னார். "அங்காலை அந்தப் பழைய கிணத்துத் தண்ணியிலை என்ரை கடலை மலரும். அது என்ரை கை எண்டு நினைச்சுக் கொண்டிருந்தனே."

படையலுக்கு மழைத்தண்ணீர் ஆகாது. காகம் இருந்த கூரைத் தண்ணீரைச் சாமிக்கு வைக்க அம்மா சம்மதிக்கமாட்டார். வேறு வீட்டுக் கிணற்றுக்குக் குடம் தூக்கினால் ஊர் சிரிக்கும். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே வேலியடிக்குப் போனார். பொட்டை அடைத்திருந்த கிளுவைத் தடியைப் பிடித்து அசைத்தார். அது அதற்குள் வேர் விட்டு இலையும் விட்டிருந்தது. நான் உதவிக்குப் போக, "நீ நில்" என்றார். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். ஓலை கிழிகிற சத்தம் கேட்டு அந்தப் பக்கத்திலிருந்து சின்னம்மாவின் குரல் வந்தது.

"ஆர் அது?"

"நான்தான்" என்றார் அம்மா. "தண்ணிக்கு வாறம்."

அங்கால் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம். பிறகு, "வாங்கோ அக்கா. கன நாளாப் போச்சு" என்று சின்னம்மா சொன்னதும், கப்பியில் வாளிக்கயிறு உருள்கிற சத்தம் கேட்டது. அம்மா திரும்பி மச்சாளைக் கூப்பிட்டார். குடத்தை எடுத்து மச்சாளின் இடுப்பில் தானே வைத்தார். "இதிலையும் நீதான் பிள்ளை முதல் அள்ளவேணும்" என்றார். மச்சாள் குனிந்து பொட்டுக்குள்ளால் போனார். போகும்போது அழுதார் என்பது எனக்குப் பின்பக்கத்தில் நின்றே தெரிந்தது.

உபயத்துக் கடலையை மச்சாள்தான் அவித்தார். கோயிலில் ஊர் முழுக்க நின்று சாப்பிட்டது. சித்தப்பாவும் ஒரு கை ஏந்தி வாங்கினார்; எங்கள் வீட்டுக் கடலை என்று தெரிந்தே வாங்கினார். ஐயா அவரைப் பார்த்தும் பாராததுபோல் நின்றார். ஐயா தோற்கத் தெரியாதவர். பொட்டுத் திறந்து கிடந்ததைக் கண்டும் ஒரு சொல் சொல்லவில்லை, அடைக்கவுமில்லை. ஆனால் மச்சாளின் முகத்தையும் அவர் அந்த நாட்களில் பார்க்கவில்லை. அவர் விட்ட அந்தக் கேள்வி வீட்டுக்குள் அப்படியே கிடந்தது. கட்டிய பெட்டியை மச்சாள் அவிழ்க்கவுமில்லை.

உபயம் முடிந்து இரண்டொரு நாள் இருக்கும். பின்னேரம் குசினி யன்னலால் பார்த்தேன். மச்சாளும் என் பக்கத்தில் நின்றார். ஐயா கிணற்றடியில், கற்குவியலுக்குப் பக்கத்தில், தன்னந்தனியாகக் குந்திக்கொண்டிருந்தார். கையில் பாதித் தேசிக்காய். ஒரு கல்லில் துளி துளியாகப் பிழிந்தார். பிறகு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து, காதை வைத்துக் கேட்டார். ஊரிலே ஒருவருக்கும் தலை சாய்க்காத மனிதர். குமிழ் அடங்கும்வரை கேட்டுவிட்டு வேறொரு கல்லை எடுத்தார். அதற்கும் காதை வைத்தார். அவருடைய முகத்தில் இருந்ததை என்னவென்று சொல்வது? சட்டிக்குமேல் குனிந்துகொண்டு இருந்தபோது என் முகத்திலும் அதுதான் இருந்திருக்கும்.

தேசிக்காய் வற்றிவிட்டது. ஐயா அதைத் திருப்பிப் பார்த்தார். வீட்டுப் பக்கம் திரும்பினார். யன்னலில் இருவரும் நிற்பதைக் கண்டார். நான் என்னைத்தான் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன்.

"பிள்ளை" என்றார், மச்சாளைப் பார்த்து. "இன்னொரு தேசிக்காய் கொண்டு வாறியே? நீயும் வந்து கேள்."

மச்சாள் போனார். இருவரும் கல்லுக்கு இரண்டு பக்கமும் குந்தி, தலையைச் சாய்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்கள். இருட்டுவதற்கு முன் மச்சாள் உள்ளே வந்து, றங்குப்பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, சேலைகளை எடுத்துக் கொடியில் போட்டார்.